ஐந்து ஆர்ம், ஒரு சக்கரம்

முப்பது வருடம் ஓடிய ஒரு ஜெர்மன் காரின் பின்பக்கம் ஆடத் தொடங்கினால், பெரும்பாலும் முதலில் மாற்றப்படுவது ஷாக் அப்சார்பர்தான். செலவு செய்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அடுத்த வாரம் மைசூரு–பெங்களூரு விரைவுச் சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதே ஆட்டம் திரும்ப வரும். பக்கத்தில் ஒரு லாரி கடந்துபோனால் வால் ஒரு விரற்கடை நகரும். பிரேக் பிடித்தால் பின்பக்கம் தானாகத் திசை தேடும். ஷாக் அப்சார்பர் குற்றவாளியாக இருந்திருந்தால் புதியதைப் போட்ட அன்றே இது நின்றிருக்க வேண்டும். உண்மையில் செத்துப்போயிருப்பது இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே, கண்ணில் படாமல் உட்கார்ந்திருக்கும் ரப்பர். மெக்கானிக்குகள் அதைப் புஷ் என்பார்கள்.

நான் இங்கே பேசப்போவது மெர்சிடிஸ் 124 வரிசைக் காரைப் பற்றி. ஜெர்மனியில் 1984 இறுதியில் வெளிவந்த மாடல் இது. 1994இல் மெர்சிடிஸ் நிறுவனம் டெல்கோவோடு சேர்ந்து புனேயில் கால் பதித்தபோது, இந்தியாவில் பூட்டி விற்பதற்குத் தேர்ந்தெடுத்த முதல் கார் இதுதான். 1995 முதல் ஈ 220 பெட்ரோலும் பிறகு 250 டீசலும் நம் சாலைகளுக்கு வந்தன. அம்பாசடரும் பத்மினியும் பின்னால் பட்டை ஸ்பிரிங்கில் குலுங்கிக்கொண்டிருந்த ஊர்களில், ஒவ்வொரு பின்சக்கரத்தையும் ஐந்து தனித்தனி ஆர்ம்கள் தாங்கிப்பிடிக்கும் கார் அது. அந்த வண்டிகள் இன்று முப்பது வயதைத் தொடுகின்றன. பதினைந்து வருடம் கடந்த சொந்தக் காருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சான்றோடு பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எஞ்சின் உழைக்கும், பாடி நிற்கும். பின்பக்கம்தான் கேள்வி.

அதை மைசூரு அக்ரஹாரத்தில், ராமானுஜ ரோட்டை ஒட்டிய ஒரு வீட்டு வாசலில் வைத்துச் சரிசெய்ய முடியுமா? முடியும் என்பதே என் பதில். ஆனால் எதை ஏன் செய்கிறோம் என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். இந்த சஸ்பென்ஷனில் கைவேலையைவிட இயற்பியல்தான் அதிகம்.

ஒரு பின்சக்கரத்தைக் கையில் ஏந்தியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதை மேலும் கீழும், முன்னும் பின்னும், இடமும் வலமும் நகர்த்தலாம். மூன்று அச்சுகளில் திருப்பவும் செய்யலாம். மொத்தம் ஆறு வகை அசைவுகள். இருமுனையிலும் வளைந்துகொடுக்கும் மூட்டுள்ள ஒரு ஆர்மை அதில் பூட்டினால், ஆறில் ஒன்று போய்விடும். இரண்டாவது ஆர்ம் இன்னொன்றை எடுத்துக்கொள்ளும். ஐந்து ஆர்ம்களைச் சரியான கோணங்களில் பூட்டினால் ஐந்து அசைவுகள் பூட்டப்பட்டு, ஒன்றே ஒன்று மிஞ்சும். சக்கரம் மேலும் கீழும் போகும் பாதை அது. அந்தப் பாதை ஒரு மெல்லிய வளைகோடு. அதன் ஒவ்வொரு புள்ளியிலும் சக்கரம் எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், எவ்வளவு சாய வேண்டும் என்பதை அந்த ஐந்து ஆர்ம்களின் நீளமும் அவை பூட்டப்பட்ட இடமும் தீர்மானிக்கின்றன. நான்கு ஆர்ம் போதாது. ஐந்துக்கு மேல் ஆறாவது வந்தால் சக்கரம் அசையவே அசையாது. ஐந்து என்ற எண் விளம்பரத்துக்காக வந்ததில்லை, வடிவியல் கேட்டு வாங்கியது.

இந்த இடத்துக்கு வந்துசேர அந்த நிறுவனத்துக்கு அரை நூற்றாண்டு ஆனது. 1931இல் வந்த மெர்சிடிஸ் 170 நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் கொடுத்தது. அதன் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். டிஃபரென்ஷியலில் இருந்து இரு பக்கமும் இரண்டு அரை அச்சுகள் ஊசலாடும். சக்கரம் இறங்கினால் கூடவே சாயும். வேகமாகத் திரும்பும்போது வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, வெளிச்சக்கரம் அடியில் மடிய வாய்ப்புண்டு. இதே வகை ஸ்விங் ஆக்சில் கொண்ட கார்வேர் என்ற அமெரிக்கக் கார்தான் 1965இல் ரால்ஃப் நாடெர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமாகி, அந்த நாட்டின் வாகனப் பாதுகாப்பு விவாதத்தையே மாற்றியது. 1954இல் மெர்சிடிஸ் அந்த ஊசலின் மூட்டைக் கீழே இறக்கிப் பார்த்தது. 1968இல் சாய்வாகப் பூட்டிய ஆர்முக்கு மாறியது. கோணலாக வைத்த கீலில் ஆடும் கதவைப்போல அந்த ஆர்ம் மேலும் கீழும் போகும். முன்னதைவிடப் பெரிய முன்னேற்றம். ஆனாலும் கீல் ஒன்றுதான் என்பதால் சக்கரத்தின் திசையையும் சாய்வையும் தனித்தனியே ஆள முடியாது. ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று கெடும்.

1982 டிசம்பரில் வந்த சிறிய மெர்சிடிஸ் 190இல் அந்தக் கீலை உடைத்து ஐந்து துண்டாக்கினார்கள். ஒரு ஆர்ம் சக்கரத்தின் சாய்வைப் பிடிக்கிறது. இன்னொன்று அதன் திசையை. இரண்டு ஆர்ம்கள் முன்னும் பின்னும் இழுபடாமல் காக்கின்றன. ஐந்தாவது பெரியது. கீழே படுத்துக்கொண்டு ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தாங்குகிறது. இதே அமைப்பு இரண்டு வருடம் கழித்து 124க்குப் போனது, அதிலிருந்து புனேக்கு வந்தது. இன்று விலையுயர்ந்த பல கார்களின் பின்பக்கத்தில் இருக்கும் பல ஆர்ம் அமைப்புகளுக்கு இது முன்னோடி.

இந்த ஐந்து ஆர்ம்களின் பெரும்பாலான முனைகளில் ரப்பர் இருக்கிறது. வெளிக் குழாய், உள் குழாய், இரண்டுக்கும் நடுவே வல்கனைஸ் செய்து ஒட்டிய ரப்பர். உள் குழாயை போல்ட் இறுக்கிப் பிடிக்கும். வெளிக் குழாய் ஆர்மோடு சேர்ந்து நகரும். இரண்டும் எங்கும் வழுக்காது. ஆர்ம் ஆடும் கோணம் முழுவதையும் ரப்பர் முறுக்கிக்கொண்டே வாங்கிக்கொள்கிறது. கிரீஸ் வேண்டாம், சத்தம் இல்லை. இதைவிட நுட்பமான வேலை ஒன்றையும் அது செய்கிறது. பிரேக் பிடிக்கும்போதும் வேகத்தடையில் ஏறும்போதும் சக்கரம் சில மில்லிமீட்டர் பின்னால் நகர அது இடம் கொடுக்கும். உள்ளே இருப்பவர்களுக்கு அடி தெரியாமல் இருப்பது அதனால்தான். அப்படி நகரும்போது சக்கரத்தின் திசை கெடாத வகையில் எந்த முனையில் ரப்பர் கடினமாக, எந்த முனையில் மிருதுவாக இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆகவே புஷ் என்பது மூட்டு மட்டுமில்லை, கணக்கின் ஒரு பகுதி. அது கெட்டால் கணக்கும் கெடும்.

மைசூருவில் ரப்பரைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1997இல் ஜே.கே. வசமான விக்ராந்த் டயர்ஸ் ஆலை இந்த ஊரில்தான் இருக்கிறது. இயற்கை ரப்பரின் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் கந்தகம் குறுக்கே கட்டிப்போடுவது வல்கனைசேஷன். 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டுபிடித்த வழி. அதில் கார்பன் கருப்பைக் கலந்தால் பலம் கூடும். இழுத்தால் அந்தச் சங்கிலிகள் ஒரே திசையில் அடுக்கிக்கொண்டு கிழிசலைத் தடுக்கும். கோடிக்கணக்கான முறுக்கல்களைத் தாங்க வேண்டிய இடத்தில் இயற்கை ரப்பர் இன்னும் இருப்பதற்கு இதுவே காரணம்.

பலவீனமும் அதே சங்கிலியில்தான் இருக்கிறது. மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கும் இடங்களை ஆக்சிஜனும் ஓசோனும் தாக்குகின்றன. இழுபட்ட நிலையில் உள்ள ரப்பரை ஓசோன் குறுக்கே வெட்டிவிடும். பழைய புஷ்ஷின் ஓரத்தில் நீங்கள் பார்க்கும் நேர்த்தியான சிறு பிளவுகள் அதன் கையெழுத்து. ஆக்சிஜன் மெல்ல உள்ளே போய்க் குறுக்குக் கட்டுகளைக் கூட்டி ரப்பரைக் கடினமாக்கும், சில இடங்களில் சங்கிலியையே அறுத்துவிடும். டிஃபரென்ஷியலில் இருந்து கசியும் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போய் பலம் இழக்கும். வெப்பம் இவை எல்லாவற்றையும் வேகப்படுத்தும். இங்கே கவனிக்க வேண்டியது, இதற்கெல்லாம் வண்டி ஓட வேண்டிய அவசியமே இல்லை என்பது. ‘ஐம்பதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு’ என்று சொல்லி விற்கப்படும் பழைய காரில் புஷ் புதியது என்று யாரும் நம்ப வேண்டாம். ரப்பருக்கு மீட்டர் கிலோமீட்டரில் ஓடுவதில்லை, வருடத்தில் ஓடுகிறது.

நமக்கு ஒரு சாதகம் உண்டு. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அங்கே இந்தக் காரின் அடிப்பாகம் துருவால் சாகிறது, ஒவ்வொரு போல்ட்டும் வெல்டிங் வைத்ததுபோல் பிடித்துக்கொள்ளும். மைசூரு கடலிலிருந்து விலகி, கடல்மட்டத்துக்கு மேல் எழுநூறு மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருக்கும் ஊர். உப்புக் காற்று இல்லை. மழையும் மிதம். போல்ட்டுகள் பெரும்பாலும் கழன்றுவரும். ஒரு இடத்தை மட்டும் கட்டாயம் பாருங்கள். கீழ் ஆர்மை ஒரு பிளாஸ்டிக் மூடி மறைத்திருக்கும். காற்றைக் கிழிக்க வைத்தது. உள்ளே சேறு சேர்ந்து ஈரம் தங்கும். அதைக் கழற்றிக் கழுவாத வண்டியில் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

புஷ் கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? சக்கரத்தைத் தூக்கிக் கையால் ஆட்டினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நம் கைப்பலத்துக்குச் செத்த ரப்பரும் கெட்டியாகவே இருக்கும். ஒரு நீளமான நெம்புகோலை ஆர்முக்கும் பின்பக்கச் சட்டத்துக்கும் இடையே கொடுத்து நெம்ப வேண்டும். நல்ல புஷ் கொஞ்சம் கொடுத்துத் திரும்பி வரும். கெட்டது இடம் மாறும், ரப்பர் குழாயை விட்டுப் பிரிந்து நிற்பது தெரியும். டயரின் உட்பக்கத்து ஓரத்தில் கை வைத்துப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் கூர்மையாகவும் இருந்தால் சக்கரம் கோணலாக ஓடியிருக்கிறது. எவ்வளவு கோணல் என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். பின்சக்கரம் அரை டிகிரி விலகிப் பார்க்கிறது என்று வைப்போம். கண்ணுக்குத் தெரியாத கோணம் அது. மைசூருவிலிருந்து பெங்களூருக்குப் போடப்பட்ட விரைவுச் சாலை சுமார் 118 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை ஓடிமுடிக்கும்போது அந்த டயர் குறுக்குவாட்டில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தேய்க்கப்பட்டிருக்கும். டயர் ஏன் ஒரு வருடத்தில் போகிறது என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை.

இனி வேலை.

தெரு சரிவாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். இந்தக் காரின் பார்க்கிங் பிரேக் பின்சக்கரங்களில் வேலை செய்கிறது. பின்பக்கத்தைத் தூக்கியதும் அதனால் பயன் இல்லை. எனவே முன்சக்கரங்களுக்கு இரு பக்கமும் கட்டை வைக்க வேண்டும். பாடியின் ஜாக்கி முனைகளில் எடை தாங்கும் இரும்பு ஸ்டாண்ட் கொடுக்க வேண்டும். செங்கல், ஹாலோ பிளாக், பழைய சக்கரத்தின் ரிம் இவற்றில் எதையும் ஸ்டாண்டாக நம்பி அடியில் படுக்கக் கூடாது. செங்கல் எச்சரிக்கை கொடுத்துவிட்டு உடைவதில்லை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஸ்பிரிங். பின்சக்கரம் ஒன்றின்மேல் சுமார் 350 கிலோ எடை உட்கார்ந்து, அதனால் சக்கரம் 15 சென்டிமீட்டர் மேலேறியிருக்கிறது என்று ஒரு தோராயக் கணக்கு வைப்போம். அப்போது அந்த ஸ்பிரிங்கில் குறைந்தது 250 ஜூல் ஆற்றல் அடங்கியிருக்கும். பத்துக் கிலோ கல் இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து அடிக்கும் அடிக்கு அது சமம். ஆர்மின் போல்ட்டை யோசிக்காமல் கழற்றினால் அந்த அடி முகத்துக்கு நேரே வரும். இந்த ஸ்பிரிங்கைப் பிடிப்பதற்கென்றே உள்ளே நுழைத்து இறுக்கும் தட்டு வகைக் கம்ப்ரசர் இருக்கிறது. வெளியே மாட்டும் மலிவான கொக்கி வகை இதற்கு ஒத்துவராது. அந்தக் கருவி கிடைக்காவிட்டால் ஸ்பிரிங்கையும் கீழ் ஆர்மையும் தொடாமல் மற்ற நான்கு ஆர்ம்களை மட்டும் வீட்டில் மாற்றுங்கள். வேலையின் பெரும்பயன் அதிலேயே கிடைத்துவிடும்.

ஸ்பிரிங் வெளியே வந்திருந்தால் அதைக் கவனமாகப் பாருங்கள். சுருள் ஸ்பிரிங்கை அமுக்கும்போது அதன் கம்பி வளைவதாகத் தோன்றும். உண்மையில் அது முறுக்கப்படுகிறது. முறுக்கத்தின் அழுத்தம் கம்பியின் நடுவில் குறைவு, மேற்பரப்பில்தான் உச்சம். அதனால் மேல்பூச்சு உரிந்து துருக்குழி விழுந்த இடம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அங்கிருந்து விரிசல் தொடங்கும். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பியின் விட்டத்தின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது. 12 மில்லிமீட்டர் கம்பி 13 ஆனால் விறைப்பு 38 சதவீதம் ஏறிவிடும். ‘கொஞ்சம் தடித்த ஸ்பிரிங் போட்டால் வண்டி தூக்கி நிற்கும்’ என்று யாராவது சொன்னால் இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கின் மேல்முனையில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது பல தடிமன்களில் வரும், தடிமனைக் காட்டச் சிறு புடைப்புகள் இருக்கும். எந்தப் பக்கத்தில் எது இருந்ததோ அதே தடிமன் அங்கே திரும்பப் போக வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள். மறுபக்கம் உங்களுக்குப் படமாக இருக்கும். திசையைப் பிடிக்கும் ஆர்மின் உள்முனையில் போல்ட் மையம் விலகியதாக இருக்கும். அதைத் திருப்பித்தான் சக்கரத்தின் திசையைச் சரிசெய்வார்கள். கழற்றுவதற்கு முன் அதன் நிலையை பெயின்ட் கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சிறிய ஆர்ம்கள் நான்கும் புஷ்ஷோடு முழுதாகக் கிடைக்கின்றன, அவற்றில் பிரஸ் வேலை இல்லை. கீழ் ஆர்மின் புஷ்ஷும் சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பின் அடியில் உள்ள மூட்டும்தான் பிரஸ்ஸில் ஏற்றித் தள்ள வேண்டியவை. அதற்கு லேத் பட்டறைக்குப் போவதே நல்லது. கனரக வாகனங்களுக்குப் பின்னச்சு செய்யும் ஆட்டோமோட்டிவ் ஆக்சில்ஸ் ஆலை 1980களிலிருந்து ஹூட்டகள்ளியில் இயங்கும் ஊர் இது. ஹைட்ராலிக் பிரஸ் தெரிந்த கை இங்கே கிடைக்கும். சுத்தியலால் அடித்துப் புஷ்ஷை ஏற்றினால் வெளிக் குழாய் கோணி, புதிய ரப்பர் முதல் நாளே கிழியும்.

ரப்பருக்குப் பதில் பாலியூரித்தேன் போடலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். பந்தயக் காரில் அதற்கு இடம் உண்டு. இங்கே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாலியூரித்தேன் புஷ் பொதுவாகக் குழாயோடு ஒட்டப்படுவதில்லை, வழுக்கிச் சுழல்கிறது. கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும். ஐந்து ஆர்ம் அமைப்பில் ஒவ்வொரு முனையும் சுழல்வதோடு கொஞ்சம் கோணவும் வேண்டும். கடினமான புஷ் அந்தக் கோணலை மறுத்தால் ஐந்து ஆர்ம்களும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். எந்த முனை மிருது, எந்த முனை கெட்டி என்று போட்ட கணக்கும் அழிந்துபோகும்.

அதே காரணத்தால் ஒரு புஷ் மட்டும் புதியது, மற்றவை பழையவை என்று விடுவதும் சரியில்லை. இரு பக்கமும் சேர்த்துப் பத்து ஆர்ம்களையும் ஒரே காலத்தில் பாருங்கள். டிஃபரென்ஷியலைத் தாங்கும் சட்டம் நான்கு பெரிய ரப்பர்கள் வழியாகத்தான் பாடியில் தொங்குகிறது. அவை தொய்ந்திருந்தால் ஐந்து ஆர்ம்களும் சரியாக இருந்தும் சட்டத்தோடு சேர்ந்து மொத்தமும் ஆடும். ஷாக் அப்சார்பரைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அதன் வேலை வண்டியைத் தாங்குவது இல்லை, ஸ்பிரிங்கின் துள்ளலை எண்ணெயின் உராய்வில் வெப்பமாக்கி அணைப்பது. வண்டியின் ஒரு மூலையை அமுக்கி விட்டால் ஒருமுறை எழுந்து அடங்க வேண்டும். எண்ணெய் வழியாமல் இருந்து, இப்படி அடங்கவும் செய்தால் அதை மாற்றத் தேவையில்லை.

இந்த வேலையில் நிறையப் பேர் கெடுப்பது கடைசிப் பத்து நிமிடத்தில். வண்டி ஸ்டாண்டில் நிற்கும், ஆர்ம்கள் தொங்கிக்கொண்டிருக்கும், எல்லா போல்ட்டையும் இறுக்கிவிடுவார்கள். உள் குழாயை போல்ட் பிடித்துக்கொள்ளும் என்று முன்பே சொன்னேன். ரப்பரின் ஓய்வு நிலை அந்தக் கணத்தில் தீர்மானமாகிவிடும். பிறகு வண்டியைக் கீழே இறக்கினால் சக்கரம், வைத்துக்கொள்ளுங்கள், பத்து சென்டிமீட்டர் மேலேறும். ஆர்மின் நீளம் 35 சென்டிமீட்டர் என்றால் அது 16 டிகிரிக்கு மேல் திரும்புகிறது. வண்டி வாசலில் சும்மா நிற்கும்போதும் ரப்பர் அந்த 16 டிகிரியில் முறுக்கிக்கொண்டே நிற்கும். இழுபட்ட ரப்பரை ஓசோன் எப்படி வெட்டும் என்பது நமக்குத் தெரியும். முறுக்கிய புஷ்கள் எல்லாம் சேர்ந்து கூடுதல் ஸ்பிரிங்காக வேலை செய்வதால் பின்பக்கம் உயர்ந்தும் நிற்கும். பதினைந்து வருடம் உழைக்க வேண்டிய புஷ் சீக்கிரமே கிழிந்துபோகும், பழி புஷ்ஷைத் தயாரித்தவர்மேல் விழும்.

எனவே எல்லாவற்றையும் கோத்து, நட்டுகளைக் கையிறுக்கமாக விடுங்கள். வண்டியை நான்கு சக்கரத்திலும் சமதளத்தில் இறக்கி, பின்பக்கத்தைச் சிலமுறை அமுக்கிவிட்டு, அதன் சொந்த எடையில் நிற்கும்போது இறுக்குங்கள். அடியில் கை போக இடம் வேண்டுமானால் நான்கு சக்கரங்களின் கீழும் ஒரே உயரத்துக்குத் தடித்த பலகைகளை அடுக்கி, வண்டியை ஏற்றி, அங்கே கட்டை வைத்துவிட்டு இறுக்கலாம். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எவ்வளவு முறுக்குவிசை என்று அந்த மாடலின் பட்டறைக் கையேடு சொல்லும். அந்த எண்ணை டார்க் ரெஞ்சில் வைத்து இறுக்குங்கள், கை அனுபவத்தில் விட்டுவிடாதீர்கள். தானாகப் பூட்டிக்கொள்ளும் நட்டுகளில் பழையவற்றைத் திரும்பப் போடாதீர்கள். நேரே நான்கு சக்கர அலைன்மென்ட் செய்யும் இடத்துக்கு மெதுவாக ஓட்டிச் சென்று முதலில் பின்பக்கத்தின் திசையைச் சரிசெய்யச் சொல்லுங்கள், அதன் பிறகே முன்பக்கம். முன்சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு அனுப்பும் இடமாக இருந்தால் வேறு இடம் தேடுங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா நட்டுகளிலும் டார்க் ரெஞ்சை இன்னொரு முறை வைத்துப் பாருங்கள்.